ஓடாத வண்டியும் ஒளி தருமா?

‘ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும்’ என்பது பெரியோர் வாக்கு. கட்டடத்தில் மின்சாரம் வாங்கி ஓடும் வண்டி, ஒரு நாள் அந்தக் கட்டடத்திற்கே மின்சாரம் கொடுக்கும் என்றால் நம்புவீர்களா, தோழியரே?

இது கற்பனையன்று. 2011-இல் நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கியபோது ஜப்பானிய மக்கள் மின்சாரமின்றித் தவித்தனர். அடுத்த ஆண்டே நிசான் நிறுவனம், தன் ‘லீஃப்’ காரின் பேட்டரியிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுக்கும் கருவியை அங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் ஓக்லாந்து நகரின் பள்ளிகளுக்கு 2024-இல் 74 மின்சாரப் பேருந்துகள் வந்தன. அவை நிற்கும் வேளையில் மின்சாரத்தைத் திருப்பியும் தரவல்லவை.

நம் பள்ளிப் பேருந்துகளும் காலையில் வந்து நின்றால் மாலை வரை மரத்தடியில் உறங்குகின்றன. காந்திகிராமத்து வெயிலோ அந்நேரத்தில்தான் காய்கிறது! அவை மின்சாரப் பேருந்துகளாக மாறினால், பகலில் மின்னேற்றி, இரவில் விடுதிக்கு விளக்கெரிக்கலாமே என்று எங்களுக்குத் தோன்றியது. ஆசை இருந்தால் போதுமா? கணக்கும் போட்டுப் பார்த்தோம்.

மத்திய அரசின் 2023-ஆம் ஆண்டு விதிப்படி, சூரிய ஒளி உள்ள நேரத்தில் மின்கட்டணம் 20 சதவீதமாவது குறைய வேண்டும். தேவை மிகுந்த நேரத்தில், வணிகமும் தொழிலும் அல்லாத நுகர்வோருக்கு அது 1.1 மடங்காவது இருக்க வேண்டும். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பகலில் 6.40, மாலையில் 8.80. ஏற்றி இறக்குவதில் 15 சதவீதம் வீணானால், ஒரு யூனிட்டுக்கு மிச்சம் 1.27 ரூபாய்தான். தினம் 40 யூனிட் வீதம் 200 நாளுக்கு ஏறக்குறைய 10,000 ரூபாய். இருவழிக் கருவியின் விலையையும், பேட்டரியின் தேய்மானத்தையும் நினைத்தால் இது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

ஆனால் மின்தடை நேரத்துக் கணக்கு வேறு. ஜெனரேட்டர் ஒரு லிட்டர் டீசலுக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் தருகிறது. டீசல் லிட்டர் 90 ரூபாய் என்றால் யூனிட் 30 ரூபாய்! போதாக்குறைக்குப் புகையும் இரைச்சலும். அரசுத் தேர்வுக்குப் படிக்கும் இரவுகளில் அந்த இரைச்சலை விடுதித் தோழியர் நன்கு அறிவர்.

எனவே எங்கள் கருத்து இது: மலிவாக வாங்கி விலைக்கு விற்கும் வியாபாரமாக இதைப் பார்த்தால் இன்று கட்டுபடியாகாது. ஜெனரேட்டருக்கு மாற்றாகப் பார்த்தால் கட்டுபடியாகலாம். அதிலும், தனி மாளிகையின் காரைவிட, பலர் கூடி வாழும் பள்ளிக்கும் மருத்துவமனைக்குமே இது முதலில் வரவேண்டும்.

1947-இல் டாக்டர் சௌந்திரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரன் அவர்களும் காந்திகிராமத்தைத் தொடங்கியது, கிராமம் தன் காலில் நிற்க வேண்டும் என்பதற்காகவே. தன் விளக்கைத் தானே ஏற்றிக்கொள்வதும் அந்த வழிதான் அல்லவா?

இன்றே பேருந்து வாங்குங்கள் என்று சிஸ்டர்களையும் பெற்றோரையும் நாங்கள் கேட்கவில்லை. ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு டீசல் குடித்தது என்று ஓராண்டு ஒரு நோட்டில் எழுதி வைப்போம். அந்த வேலையை மாணவியராகிய நாங்களே ஏற்கிறோம். பழைய பேருந்தை மாற்றும் நாள் வரும்போது அந்த நோட்டு வழி சொல்லும். மிச்சமாகும் பணம், கட்டணம் கட்ட இயலாத ஒரு தோழியின் படிப்புக்கு உதவுமானால், அதைவிடச் சிறந்த வெளிச்சம் எது?