அடிக்கடி ‘டிரிப்’ ஆகிறதா? நல்லது!

சில கிழமைகளாக மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒன்றை இன்று எழுதியே ஆகவேண்டும். இதில் என் தவறும் உண்டு. அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் வகுப்பில் ஒரு மாணவன், நான்காம் ஆண்டு. மழை பெய்த மறுநாளெல்லாம் அவனிடம் வீட்டுப்பாடம் இராது. கேட்டால், “ராத்திரி கரண்டு டிரிப் ஆயிருச்சு ஐயா” என்பான். மூன்று முறை பொறுத்தேன். நான்காம் முறை தந்தையை அழைத்துச் சற்றுக் கடுமையாகவே பேசினேன். அவர் தலையாட்டிவிட்டுச் சென்றார். அதன்பின் மழை பெய்தாலும் வீட்டுப்பாடம் வந்தது. நானும் மகிழ்ந்தேன்.

ஒரு மாதம் கழித்துப் பையன் சொன்னான்: “எங்க வீட்டு ஐஸ்பெட்டியத் தொட்டா விர்ருங்குது ஐயா. செருப்பு போட்டுத்தான் தொறக்கணும்னு அம்மா சொல்லியிருக்காங்க.”

அன்று மாலையே போனேன். மோரிப் கடற்கரைக்கு அருகே, தோட்டத்தைவிட்டு வெளியேறியவர்கள் 1980களில் வாங்கிய மலிவு விலை வீடுகளில் ஒன்று. பின்கட்டில் நின்றால் கடற்காற்று முகத்தில் பிசுபிசுக்கும். தந்தை பெருமையோடு மெயின் சுவிட்ச் பெட்டியைத் திறந்து காட்டினார். “நீங்க சொன்ன மறுநாளே மச்சானக் கூப்பிட்டுச் சரி பண்ணிட்டேன் சார். இப்ப எவ்வளவு மழை பேஞ்சாலும் டிரிப் ஆகறதே இல்ல.”

எப்படி ஆகும்? மின்கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் சாதனத்தையே நடுவிலிருந்து விலக்கிவிட்டு, கம்பியை நேரே இணைத்திருந்தார் அந்த மைத்துனர். வீட்டுப்பாடம் கேட்டவன் நான். அதற்கு விலையாக ஒரு குடும்பத்தின் உயிர்க்காவலை எடுத்து எறிந்திருக்கிறார்கள்!

அந்தப் பெட்டிக்குள் இருப்பவற்றில் உருகியும் எம்.சி.பி.யும் கம்பியைக் காப்பவை. அளவுக்கு மீறிய மின்னோட்டத்தில் கம்பி எரியாமல் பார்த்துக்கொள்வதே அவற்றின் வேலை. மனிதனைக் காப்பது ஆர்.சி.சி.பி. மட்டுமே. நம் நாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே ‘எர்த்’ கம்பி மண்ணில் புதைக்கப்படுகிறது. மண்ணின் வழியாக மின்சாரம் திரும்பிச் செல்லும் பாதையின் தடை 20 ஓம் என்று வையுங்கள். 230 வோல்ட்டை 20ஆல் வகுத்தால் பதினொன்றரை ஆம்பியர். 30 ஆம்பியர் உருகி இதற்கு அசையுமா? அசையாது. குளிர்ப்பெட்டியின் உடலெங்கும் மின்சாரம் ஏறி நிற்கும், உருகியோ உறங்கிக்கொண்டிருக்கும். மனித இதயத்தை நிறுத்துவதற்கோ சில பத்து மில்லி ஆம்பியர் போதும். இதனால்தான் 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறைகள், கையில் பிடித்து இயக்கும் கருவிகளுக்கு 30 மில்லி ஆம்பியரிலும் தரை ஈரமாகும் இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியரிலும் துண்டிக்கும் காப்பினைக் கேட்கின்றன. குளியலறையில் நீர் சூடேற்றி வைத்திருப்போர் இந்த 10 என்னும் எண்ணை மறக்க வேண்டா.

கடலோரத்தில் நிலைமை இன்னும் மோசம். காற்றில் வரும் உப்பு சுவிட்சுக்குள்ளும் சோக்கெட்டுக்குள்ளும் படிகிறது. உப்பு சும்மா இராது, காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரமான உப்பு மின்சாரத்தைக் கடத்தும். சமையலறை உப்புச் சாடி மழைக்காலத்தில் நீர்த்துப்போவதைப் பார்க்காதவர் உண்டா? அதே வேலைதான் சுவருக்குள் நடக்கிறது. செம்பு பச்சை பூக்கிறது, இணைப்பு தளர்கிறது, தளர்ந்த இடம் சூடேறுகிறது. பல வீடுகள் இப்படித்தான் தீப்பிடிக்கின்றன.

எர்த் கம்பியின் கதை அதனினும் வேடிக்கை. உப்பும் ஈரமும் நிறைந்த கடலோர மண் மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். ஆனால் கம்பியைத் தண்டோடு இறுக்கும் பிடிப்பு? செம்பும் இரும்பும் உப்புநீரும் ஓரிடத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நாமே வகுப்பில் நடத்துகிறோமே! எலுமிச்சம்பழத்தில் செம்பையும் துத்தநாகத்தையும் செருகி மின்கலம் செய்து காட்டுகிறோமே! அதே வேதிவினை அந்தப் பிடிப்பை ஆண்டுக்கணக்காகத் தின்கிறது. நான் போன வீட்டில் துருத்தூள் மட்டுமே மிச்சம். கம்பி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

ஆர்.சி.சி.பி.யில் ‘டி’ என்றெழுதிய பொத்தான் ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை அதனை அழுத்துங்கள். துண்டிக்கவில்லையென்றால் சாதனம் செத்துவிட்டது என்று பொருள். ஆனால் அது துண்டித்தாலும் எர்த் நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். அந்தப் பொத்தான் எர்த்தைச் சோதிப்பதில்லை. அதற்குக் கருவியோடு ஆள் வரவேண்டும்.

யார் அந்த ஆள்? மச்சான் அல்லர்! எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற ‘பென்டாவாய்’. வேலை முடிந்ததும் ‘போராங் ஜி’, ‘போராங் எச்’ என்னும் இரு சான்றிதழ்களை அவரிடம் கேட்டு வாங்குங்கள். முன்னது வேலை முறையாக முடிந்ததற்கு, பின்னது சோதித்ததற்கு. தர மறுப்பவரை அடுத்த முறை அழைக்காதீர்கள். மீட்டர் வரைதான் தெனாகா நேஷனலின் பொறுப்பு. மீட்டருக்கு உள்ளே உள்ள ஒவ்வோர் அங்குலமும் வீட்டுக்காரருடையது.

பணம் எங்கே என்பீர்கள். முழு வீட்டுக்கும் புதிதாக வயரிங் செய்வது ஏழைக் குடும்பத்துக்குப் பெருஞ்செலவுதான், மறுக்கவில்லை. ஆனால் அதே வீட்டின் முன்னால் பளபளக்கும் இரும்பு வாயிற்கதவு, கூடத்தில் சுவர் நிறையத் தொலைக்காட்சி. இரண்டு விளக்கு, ஒரு காற்றாடி, ஓரிரு சோக்கெட்டுக்காகப் போட்ட கம்பியில் இன்று துணி துவைக்கும் இயந்திரமும் குளிரூட்டியும் தொங்குகின்றன. தீபாவளி வந்தால் சிரிம் முத்திரை இல்லாத சரவிளக்கை வாங்கி, மழையில் நனையும் அதே இரும்புக் கதவில் சுற்றுகிறோம். பிறகு ஏதாவது நடந்தால் ‘விதி’ என்கிறோம். விதியா அது?

ஆசிரியர்களாகிய நாம் மட்டும் என்ன? ‘ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதே’ என்று சுவரொட்டி வரையச் சொல்லிப் பரிசு கொடுக்கிறோம். வரைந்த பிள்ளை எந்த வீட்டுக்குத் திரும்புகிறது என்று பார்த்தோமா? நான் பார்க்கவில்லை.

அந்த வீட்டுக்குப் பதிவுபெற்றவர் ஒருவரை மறுநாளே அழைத்துச் சென்றேன். மழை நாள்களில் டிரிப் ஆனதற்குக் காரணம், பின்கட்டு விளக்கில் ஒட்டுநாடா சுற்றிய ஓர் இணைப்பு. அதில் உப்பு நீர் கோத்திருந்தது. இத்தனை மாதமும் ஆர்.சி.சி.பி. அதைத்தான் கத்திக் கத்திச் சொல்லியிருக்கிறது. அந்த இணைப்பையும் எர்த் பிடிப்பையும் புதிதாக்கி, குளிர்ப்பெட்டியின் பழுதை நீக்கி, சாதனத்தை மீண்டும் பொருத்த ஒரே பகல்தான் ஆயிற்று.

வரும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், நம் மாணவர் வீடுகளுக்குப் பதிவுபெற்ற ஒருவரை அழைத்துச் சோதனை செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நிகழ்ச்சி நிரலில் விளையாட்டுப் போட்டிச் சட்டையின் நிறத்துக்குப் பிறகு, ‘இதர விவரங்கள்’ என்பதன் கீழ் கடைசியாகப் போட்டிருக்கிறார்கள். முதலில் போடச் சொல்லி இன்று மீண்டும் எழுதியுள்ளேன். கூட்டத்துக்கு வரும் பெற்றோர், தங்கள் வீட்டு மெயின் சுவிட்ச் பெட்டியைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு வாருங்கள்.