பள்ளிக்குப் போக அஞ்சும் பிள்ளைக்கு வழி விடுவோம்

எறணாகுளம் மாவட்டம் சுள்ளிக்கல், கருவேலிப்படி, பனயப்பிள்ளி, தோப்பும்படி வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கும் மலையாள நண்பர்களுக்கும்:

நம் தெருவில் சில வீடுகளில் காலை நேரம் பெரும்பாடாக இருக்கிறது. சீருடை போட்டாயிற்று, டிபன் கட்டியாயிற்று, வாசலில் ஆட்டோ ஹாரன் அடிக்கிறது. பிள்ளை கட்டில் காலைப் பிடித்த பிடியை விடுவதில்லை. வயிறு வலிக்கிறது என்கிறது. சில நாள் வாந்தியும் எடுக்கிறது. ஆட்டோ கிளம்பிப் போன அரை மணியில் வலி அடங்கிவிடுகிறது. "நடிக்கிறான்" என்று அப்பா கை ஓங்குகிறார். பாட்டி திருஷ்டி சுற்றுகிறார். எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து ஒரு குரல்: "எந்தா மோனே, இன்னும் ஸ்கூளில் போயில்லே?"

அது நடிப்பில்லை. பயம் முற்றினால் குடல் பிசையும், நெஞ்சு படபடக்கும், கை சில்லிடும். பயந்த இடத்துக்குப் போக வேண்டாம் என்றானதும் உடம்பு தணியும். வகுப்பைக் கட் அடித்து ஊர் சுற்றும் பிள்ளை பெற்றோருக்குத் தெரியாமல் போகிறது. இந்தப் பிள்ளையோ அவர்கள் கண்ணெதிரே வீட்டுக்குள் ஒடுங்குகிறது. ஜப்பானில் 2023 கல்வியாண்டில் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் இப்படி 30 நாளோ அதற்கு மேலோ வராதிருந்தவர்கள் 3,46,482 பேர் என்று அந்நாட்டு அரசு கணக்குச் சொன்னது. நம் வருகைப் பதிவேட்டில் இப்படிப்பட்ட பிள்ளைகளும் வெறும் 'ஆப்சென்ட்'தான்.

காரணம் பிள்ளைக்குப் பிள்ளை வேறு. கேரளத்தில் 4ஆம் வகுப்பு முடித்து 5க்கும், 7 முடித்து 8க்கும் போகும்போது பலருக்குப் பள்ளியே மாறுகிறது. சக மாணவர்களின் கேலி, எழுத்துக் கூட்டிப் படிப்பதில் தடுமாற்றம், வீட்டில் நோய், ஆசிரியரின் கடுஞ்சொல், இவற்றில் எதுவும் தொடக்கமாகலாம். நம் பிள்ளைகளுக்கு மொழிச் சிக்கலும் உண்டு. வீட்டில் தமிழ், வகுப்பில் மலையாளம். எழுந்து நின்று வாசித்தபோது எழுந்த ஒரு சிரிப்பு போதும், மறுநாள் வயிறு வலிக்க. இதே எறணாகுளம் மாவட்டத்தில் 2017இல் தொடங்கிய 'ரோஷ்னி' திட்டம், வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியிலேயே பேசி மலையாளம் கற்பித்தது. காலைச் சிற்றுண்டியும் கொடுத்தது. பிள்ளைக்குப் புரியும் மொழியில் பேச வகுப்பில் ஓர் ஆள் இருந்தாலே பயம் பாதி குறையும்.

ஆகவே எங்கள் வேண்டுகோள்:

பெற்றோரே, அடிக்காதீர்கள், தரதரவென்று இழுத்துப்போய் விடாதீர்கள். "சரி, நல்லா ஆனதும் போகலாம்" என்று மாதக்கணக்கில் மொபைலைக் கொடுத்து உட்கார வைக்கவும் வேண்டாம். தவறும் ஒவ்வொரு நாளும் மறுநாளை இன்னும் கடினமாக்கும். முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டி, உடலில் வேறு நோய் இல்லையென்று உறுதி செய்யுங்கள். கருவேலிப்படி தாலுகா ஆஸ்பத்திரியும் மட்டாஞ்சேரி பெண்கள், குழந்தைகள் ஆஸ்பத்திரியும் நமக்குப் பக்கம். மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கமில்லை. தொலைபேசியில் பேச டெலி மானஸ் 14416, கேரளத்தின் திசா 1056 இருக்கின்றன, இரண்டும் கட்டணமில்லாதவை. பிள்ளையை யாராவது துன்புறுத்தினால் 1098ஐ அழையுங்கள்.

ஆசிரியர்களே, திரும்பி வரும் பிள்ளையை முதல் நாளே எல்லாப் பீரியடும் உட்காரச் சொல்லாதீர்கள். முதலில் கேட் வரை, பிறகு நூலகத்தில் ஒரு மணி நேரம், பிறகு பிடித்த பாடம், பிறகு அரை நாள் என்று ஏறட்டும். நம்பகமான ஒரே ஆசிரியர் தினமும் வாசலில் எதிர்கொள்ளட்டும். விட்டுப்போன நோட்டை மொத்தமாக எழுதச் சொல்ல வேண்டாம். பள்ளியில் கவுன்சலர் இருந்தால் முதல் வாரமே பெற்றோரோடு உட்கார வையுங்கள். பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் தடுக்கிறது. வீட்டிலிருந்தே கற்கும் காலம் ஒன்று தேவைப்பட்டால், அதையும் தோல்வியென்று எழுதிவிடாதீர்கள்.

அக்கம்பக்கத்தாரே, எங்கள் பெரிய வேண்டுகோள் உங்களிடம்தான். இந்தப் பிள்ளைகள் மருத்துவரை வாரம் ஒருமுறை பார்க்கிறார்கள். உங்களை நாள் முழுக்கப் பார்க்கிறார்கள். பகல் வேளையில் அந்தப் பிள்ளையைக் கடையில் கண்டால், ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று கேட்காதீர்கள். "என் பையன் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை" என்று அதன் அம்மாவிடம் சொல்லாதீர்கள். 'மடியன்' என்று பேர் வைக்காதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், பந்து விளையாடச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளை அதே வகுப்பென்றால் அன்றைய பாடத்தை அனுப்பச் சொல்லுங்கள். காலையில் கூட நடந்து போகச் சொல்லுங்கள். வராவிட்டாலும் மறுநாளும் கூப்பிடட்டும். ஆட்டோ ஓட்டும் அண்ணன்மாரே, அந்த வாசலில் ஹாரனை மட்டும் விட்டுவிடுங்கள். இரண்டு நிமிடம் பொறுங்கள்.

கூலி வேலைக்குப் போகும் அம்மா, பிள்ளையோடு வீட்டில் இருந்தால் அன்றைய சம்பளம் போகிறது. கவுன்சலிங்குக்கு அழைத்துப்போகும் நாளில் சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் ஆஸ்பத்திரி வரிசையில் கூட நிற்கவும் ஆள் வேண்டும். எங்களில் சிலர் அதற்குத் தயார். நீங்களும் வாருங்கள்.

ஓண விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் வாரம் இந்தப் பிள்ளைகளுக்கு மிகக் கடினமானது. அதற்கு முன்பே, உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால் அறிவுரை எதுவும் எடுத்துப்போகாமல் கதவைத் தட்டி, "என்ன உதவி வேணும்?" என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
சுள்ளிக்கல் வட்டாரத் தமிழ்ப் பெற்றோர்