உழவர் சந்தைக் கீரையும் பாக்கெட் தீனியும்

தமிழகத்தின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் திறக்கப்பட்டது. புதுக்கோட்டை உழவர் சந்தையும் அந்தத் திட்டத்தின் வழி வந்ததுதான். அடையாள அட்டை பெற்ற விவசாயி தரகும் கடை வாடகையும் இல்லாமல் இங்கே தானே விற்கிறார். விடியலில் பறித்த கீரை, வேரில் ஒட்டிய மண் காய்வதற்குள் சமையலறைக்கு வந்துவிடுகிறது. வடகாடு, கீரமங்கலம் பக்கத்துப் பலாவும் வாழையும் அப்படித்தான்.

சூப்பர் மார்க்கெட் அலமாரியில் மாதக்கணக்கில் இருக்கும் பாக்கெட்டின் கதை வேறு. அதன் பின்பக்கப் பொடி எழுத்தில் பாமாயில், சர்க்கரை, உப்பு, நிறமூட்டி, சுவையூட்டி என்று வரிசை நீளும். பதப்படுத்துவது தவறல்ல, ஆதனக்கோட்டைச் சாலையோரத்தில் ஓட்டோடு வறுத்து உடைக்கும் முந்திரியும், வீட்டு மாடியில் காயும் வற்றலும் பதப்படுத்தியவையே. கெடுதல் இருப்பது மிகைப் பதப்படுத்தலில். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஆய்வில் 20 பேர் மிகையாகப் பதப்படுத்திய உணவையும், அதிகம் பதப்படுத்தாத உணவையும் தலா இரண்டு வாரம் உண்டனர். மிகையாகப் பதப்படுத்திய உணவு கிடைத்தபோது தினமும் ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், எடையும் ஏறியது.

உழவர் சந்தை வியாபாரம் பெரும்பாலும் காலையிலேயே முடிந்துவிடுகிறது. வேலை முடிந்து மாலையில் திரும்புபவர் கைக்கு எட்டுவது பாக்கெட்தான். மாலைச் சந்தையைப் பரவலாக்குவதே முதலில் நடக்க வேண்டிய காரியம்.