குடிநோய்க்குச் சிகிச்சை உண்டு, ஊருக்குள் வரவில்லை

அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2005-ஆம் ஆண்டு விநோதமான ஒரு பதிவை வெளியிட்டார்கள். நடுக்குவாதத்துக்குச் சிகிச்சை பெற்றுவந்த 11 பேர் சூதாட்டத்தில் மூழ்கிப் பணத்தை இழந்திருந்தார்கள். அவர்களில் சிலர் அதற்கு முன் சூதாட்ட விடுதியின் பக்கமே போகாதவர்கள். 11 பேரில் ஒன்பது பேர் பிரமிபெக்சோல் என்ற ஒரே மாத்திரையைச் சாப்பிட்டுவந்தவர்கள். மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் செய்யும் வேலையை அதற்குப் பதிலாக நின்று செய்யும் மாத்திரை அது. அளவைக் குறைத்த பிறகோ நிறுத்திய பிறகோ, மருத்துவர்கள் தொடர்ந்து கவனிக்க முடிந்தவர்களிடம் அந்த வெறி அடங்கிவிட்டது. மாத்திரை உள்ளே போனதும் சூதாடி, நின்றதும் பழைய குடும்பஸ்தர்.

குடிக்கோ சூதாட்டத்துக்கோ ஒருவரைப் பறிகொடுத்த வீடுகளில் இந்தச் செய்தியைச் சொல்ல வேண்டும். அங்கே வேறு விளக்கங்கள்தான் காலங்காலமாகப் புழங்குகின்றன. ‘உடம்பு முழுக்கத் திமிர்’, ‘மனசு வெச்சா நாளைக்கே விட்டுடலாம்’. இன்னும் கொடுமையாக, ‘பொண்டாட்டி ஒழுங்கா இருந்தா அவன் ஏன் குடிக்கிறான்?’ என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கடந்த நாற்பது ஆண்டு ஆராய்ச்சியில் இந்த விளக்கங்கள் எதற்கும் ஆதாரம் இல்லை.

1990-களில் உல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து அவற்றின் டோபமின் செல்களைக் கவனித்தார். முதலில் சாறு நாக்கில் பட்டபோது அந்தச் செல்கள் துடித்தன. சாறு வரப்போகிறது என்பதற்கான விளக்கொளி பழகிய பிறகு, துடிப்பு விளக்கொளிக்கு இடம் மாறிவிட்டது. சாறு கிடைக்கும்போது சலனமே இல்லை. ருசியைவிட, ருசி வரப்போகிறது என்ற எதிர்பார்ப்புக்கே அந்தச் செல்கள் துள்ளின. டெர்ரி ராபின்சனும் கென்ட் பெரிட்ஜும் 1993-இல் இதையொட்டிய ஒரு கருத்தை வைத்தார்கள். போதைப் பழக்கம் முற்ற முற்ற, வேண்டும் என்ற உந்துதல் பெருகிக்கொண்டே போகும், அதில் கிடைக்கும் இன்பம் பெருகாது. ‘அந்தக் கருமத்துல என்னதான் சுகம் இருக்கு?’ என்று கேட்கும் மனைவிக்கு, ‘ஒரு சுகமும் இல்லை’ என்று கணவன் சொல்லும்போது அவன் பொய் சொல்வதாக நினைக்க வேண்டியதில்லை.

சூதாட்டச் செயலிகள் இந்த இடத்தில்தான் கைவைக்கின்றன. 2009-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூக் கிளார்க்கின் குழு, சூதாட்ட இயந்திரம் போன்ற ஓர் ஆட்டத்தை ஆடுபவர்களின் மூளையைப் படம்பிடித்தது. மயிரிழையில் தோற்கும்போதும், ஜெயிக்கும்போது தூண்டப்படும் மூளைப் பகுதிகளே தூண்டப்பட்டன. மயிரிழைத் தோல்வி கசப்பாகத்தான் இருந்தது என்று ஆடியவர்கள் சொன்னார்கள். ஆனாலும் மறுபடி ஆட வேண்டும் என்ற ஆசையை அது கூட்டியது. ‘ஒரே ஒரு சீட்டு வந்திருந்தா அடிச்சிருப்பேன்’ என்ற ரம்மிக்காரரின் புலம்பலுக்கு மூளைக்குள் இருக்கும் வடிவம் இதுதான். தெருமுனைச் சீட்டாட்டம் விளக்கணைந்தால் முடிந்துவிடும். கைபேசிக்குள் இருக்கும் ஆட்டத்துக்கு இரவும் இல்லை, பார்த்து முகம் சுளிக்கும் பக்கத்து வீட்டுக்காரரும் இல்லை.

உலக அளவில் சூதாட்ட நோயாலும் அதையொட்டிய சிக்கல்களாலும் தவிக்கும் பெரியவர்கள் சுமார் எட்டுக் கோடிப் பேர் என்று 2024-இல் லான்செட் இதழின் ஆணையம் மதிப்பிட்டது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்க் கையேட்டில் சூதாட்டத்தை மது, கஞ்சா, ஹெராயின் இருக்கும் அத்தியாயத்துக்கே 2013-இல் மாற்றியது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் வீடியோ விளையாட்டு நோயும் இடம்பெற்றது. அதற்காக, கைபேசியை விடாத பிள்ளைகளையெல்லாம் நோயாளி என்று அழைத்துவிடக் கூடாது. கட்டுப்பாடு இழந்து, படிப்பும் தூக்கமும் உறவும் கெட்டு, பொதுவாக ஓராண்டாவது அந்த நிலை நீடித்தால்தான் அது நோய்.

மூளை மட்டுமே காரணம் என்று நின்றுவிட்டால் அதுவும் அரைகுறைதான். வியட்நாம் போரின்போது அங்கிருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஹெராயின் போன்ற போதைப் பொருளுக்கு அடிமையாகியிருந்தார். இவர்கள் நாடு திரும்பினால் என்ன ஆகும் என்று வாஷிங்டன் நடுங்கியது. 1971-இல் தாயகம் திரும்பியவர்களைத் தேடிப்பிடித்து லீ ராபின்ஸ் என்ற சமூகவியலாளர் விசாரித்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில், திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் இருந்தார்கள். அந்த முடிவை அப்போது பலர் நம்ப மறுத்தார்கள். போதைப் பொருள் மலிந்த இடமும், அலுப்பும் அச்சமும் நிறைந்த வாழ்வும், கூட இருந்த கூட்டமும் ஒரே விமானப் பயணத்தில் விலகிப்போயிருந்தன.

தமிழ்நாட்டுக் குடிநோயாளிக்கு அந்த விமானம் கிடையாது. மருத்துவமனையில் பத்து நாள் இருந்துவிட்டு அதே தெருவுக்குத்தான் வருகிறார். அதே கடை, அதே கூலி, அதே உடம்பு வலி. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை முழுவதும் அரசின் டாஸ்மாக் கையில் இருக்கிறது. 2023-24-இல் அதன் வழியே வந்த வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களை வாங்கியது. கைதுகள் நடந்தன, அதிகாரிகள் மாற்றப்பட்டார்கள், குடும்பத்துக்குப் பத்து லட்சம் அறிவிக்கப்பட்டது, தண்டனையைக் கூட்டச் சட்டம் திருத்தப்பட்டது. எல்லாம் வேண்டியதுதான். ஆனால், பொழுது விடிந்ததும் கைநடுக்கத்தை நிறுத்தப் பாக்கெட் சாராயம் தேவைப்பட்ட கூலித் தொழிலாளியிடம் அதற்கு முந்தைய வருடங்களில் எந்த மருத்துவராவது, செவிலியராவது ஒரு கேள்வி கேட்டிருந்தாரா? சட்டமன்றத்திலும் தொலைக்காட்சியிலும் நடந்த காரசாரமான விவாதங்களில் இந்தக் கேள்விக்கு இடமே கிடைக்கவில்லை.

கேட்டிருக்க வாய்ப்பு குறைவு என்பதை மத்திய அரசின் கணக்கே காட்டுகிறது. எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நாடு தழுவி நடத்திய ஆய்வு 2019-இல் வெளியானது. இந்தியாவில் மது அருந்துபவர்கள் சுமார் 16 கோடி. அதனால் உடலோ குடும்பமோ கெட்டு உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் ஐந்து கோடிக்கும் மேல். மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். உள்நோயாளியாகச் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர்.

மிச்சமுள்ள 37 பேரின் குடும்பங்கள் என்ன செய்கின்றன? கயிறு கட்டுகிறார்கள், கோயிலில் சத்தியம் வாங்குகிறார்கள், அறையில் வைத்துப் பூட்டுகிறார்கள். ‘குடிப்பவருக்குத் தெரியாமலே நிறுத்தலாம்’ என்ற விளம்பரத்தைப் பார்த்துப் பொடி வாங்கிச் சாம்பாரில் கலக்கிறார்கள். அந்தப் பொடியில் இருப்பது டைசல்ஃபிராம் என்றால் ஆபத்து பெரியது. அது உள்ளே இருக்கும்போது மது அருந்தினால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரியும். உயிரும் போகலாம். நோயாளியின் சம்மதத்தோடும் பரிசோதனையோடும் மருத்துவர் கொடுக்க வேண்டிய மருந்து அது. அனுமதியில்லாத ‘மறுவாழ்வு மைய’ங்களில் அடித்தே கொன்றார்கள் என்ற செய்திகளும் வந்துகொண்டேயிருக்கின்றன. அத்தகைய மையங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம்.

பூட்டி வைப்பதும் ஆபத்துதான். நீண்ட காலம் தினமும் குடித்தவர் சட்டென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பும், இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும் பிதற்றலும் வரலாம். 2020 மார்ச்சில் ஊரடங்கால் மதுக்கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டபோது, இந்த நிலையில் வந்து சேர்ந்தவர்களின் எண்ணிக்கை கூடியதைப் பெங்களூரு நிமான்ஸ் மருத்துவர்கள் ஆய்விதழில் பதிவு செய்தார்கள். கேரளத்தில் மருத்துவர் சீட்டின் பேரில் மது கொடுக்க அரசே உத்தரவிட்டு, உயர் நீதிமன்றம் தடுக்க நேர்ந்தது. கடையை மூடுவது நல்ல முடிவாகவே இருந்தாலும், மூடும் நாளுக்கு முன்பே மருந்தும் படுக்கையும் தயாராக இருக்க வேண்டும் என்று அந்த ஊரடங்கில் எல்லா மாநிலங்களும் கற்றிருக்க வேண்டும்.

இத்தனைக்கும் என்ன செய்யலாம் என்பது தெரியாத விஷயமே இல்லை. கோவாவில் சங்காத் என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து அபிஜித் நட்கர்னி, விக்ரம் படேல் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் காய்ச்சலுக்கோ முதுகுவலிக்கோ வந்த ஆண்களிடம் குடியைப் பற்றிய உலகச் சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விகள் கேட்கப்பட்டன. உடம்பைக் கெடுக்கும் அளவுக்குக் குடித்துவந்த 377 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. மறு பிரிவுக்கு அதோடு சேர்த்து, அதிகபட்சம் நான்கு முறை உட்கார்ந்து பேசும் ஆலோசனை. ஆலோசனை சொன்னவர்கள் மனநல மருத்துவர்களோ உளவியல் பட்டதாரிகளோ இல்லை, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். மூன்று மாதத்தில் ஆபத்தான குடியிலிருந்து மீண்டவர்கள் வழக்கமான சிகிச்சையில் 26 சதவீதம், ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதம். ஓராண்டு முடிவில் இடைவெளி விரிந்தது: 32 சதவீதத்துக்கு எதிரே 54 சதவீதம். முதல் முடிவுகள் லான்செட் இதழில் வெளியான இந்த ஆய்வில் வெளிநாட்டுக் கருவி எதுவும் இல்லை. ஒரு நாற்காலி, ஒரு குறிப்பேடு, பொறுமையாகக் காது கொடுத்த ஒரு மனிதர். முற்றிய குடிநோயாளிகளை இந்தச் சோதனையில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முற்றாமல் தடுக்கும் இடம் இது.

முற்றியவர்களுக்கான வழி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. குடிநோய்க்குக் கணவர் ரங்கநாதனைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் ஒரு சிகிச்சை நிறுவனத்தைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று ஊர் அறிந்தது அதைத்தான். அங்கிருந்து 1989-இல் காவிரிப் படுகையிலுள்ள மஞ்சக்குடிக்குப் போய் முகாம் போடத் தொடங்கினார்கள். பதினைந்து நாள் ஊருக்குள்ளேயே தங்கவைத்துச் சிகிச்சை, குடும்பத்தாருக்கும் ஆலோசனை, பிறகு தொடர்ந்து விசாரிப்பு. ஊர்ப் பெரியவர்களும் பக்கத்து வீட்டாரும் கூடவே நிற்பார்கள். வியட்நாமிலிருந்து திரும்பியவருக்குச் சூழல் தானாக மாறியது. மஞ்சக்குடியில் சூழலையே கொஞ்சம் மாற்றப் பார்த்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிரூபிக்கப்பட்ட ஒரு முறை மாவட்டந்தோறும் அரசுத் திட்டமாகாமல் கிடப்பது நியாயமே இல்லை.

மருந்துகளும் உண்டு. குடிவேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோனை மதுவுக்கான மருந்தாக அமெரிக்கா 1994-இலேயே ஏற்றது. சூதாட்ட வேட்கைக்கும் அதைக் கொடுத்துப் பார்த்த சோதனைகள் நம்பிக்கை தருகின்றன. சர்க்கரைக்கும் உடல் எடைக்கும் தரப்படும் செமாக்ளுடைடு ஊசி, 48 பேரிடம் ஒன்பது வாரம் நடந்த சோதனையில் குடிவேட்கையையும், குடிக்கும் நாட்களில் குடித்த அளவையும் குறைத்ததாக 2025-இல் ஓர் ஆய்வு வந்தது. மிகச் சிறிய சோதனை அது. மருந்துக் கடையில் போய்க் கேட்கும் காலம் இன்னும் வரவில்லை.

சிகிச்சைக்குப் பிறகு திரும்பக் குடித்துவிட்டால், ‘பார்த்தியா, திருந்தவே மாட்டான்’ என்று கைகழுவுவதுதான் வழக்கம். தாமஸ் மெக்லெல்லனும் மற்றவர்களும் 2000-இல் எழுதிய ஒரு கட்டுரை, போதைப் பழக்கத்தில் மீண்டும் சறுக்குபவர்கள் 40 முதல் 60 சதவீதம் என்று கணக்கிட்டது. ரத்த அழுத்தத்திலும் ஆஸ்துமாவிலும் நோய் திரும்பித் தலைதூக்குபவர்கள் 50 முதல் 70 சதவீதம். ரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்பதற்காக யாரையும் வீட்டைவிட்டுத் துரத்துவதில்லை.

அந்த ரத்த அழுத்தத்துக்கு 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீடு தேடி வருகிறது. அரசு மருத்துவமனைகளில் 25 ‘கலங்கரை’ போதை மீட்பு மையங்களும் 2025-இல் திறக்கப்பட்டன. வரவேற்க வேண்டிய தொடக்கம். ஆனால் மாவட்டத் தலைநகரில் ஒரு மையம் இருந்தால், கூலியை விட்டுவிட்டுப் பேருந்தேறிப் போகத் துணிபவருக்குத்தான் அது உதவும். வீட்டு வாசலுக்கு வரும் சுகாதாரப் பணியாளரின் கையில் கோவாவின் பத்துக் கேள்விகளையும் கொடுத்தால் என்ன? ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு பயிற்சி பெற்ற ஆலோசகர், நால்ட்ரெக்சோன் இருப்பு, ஆண்டுக்கு ஒரு முறை வட்டார அளவில் மஞ்சக்குடி போல ஒரு முகாம். மதுவில் வந்த 45 ஆயிரம் கோடியில் நூற்றில் ஒரு பங்கு என்றால் 450 கோடி. அதைச் சட்டப்படி சிகிச்சைக்கென்று ஒதுக்கலாம்.

சூதாட்டத்திலும் இதே குறைதான். நீதிபதி கே.சந்துரு குழுவின் பரிந்துரையையடுத்து 2022-இல் இணையச் சூதாட்டத்தைத் தடை செய்யும் சட்டத்தை மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றியது. ரம்மிக்கும் போக்கருக்கும் அது பொருந்தாது என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் நாடாளுமன்றம் தடை செய்தது. செயலி மூடப்பட்டாலும் கடன் மூடப்படவில்லை, வேட்கையும் மூடப்படவில்லை. மனநல உதவிக்கான 14416 எண்ணும் போதை மீட்புக்கான 14446 எண்ணும் இருக்கின்றன. ரேஷன் கடைச் சுவரிலும் டாஸ்மாக் கடைக்கு உள்ளேயும் அவை ஏன் பெரிய எழுத்தில் இல்லை? சுகாதார நிலைய ஆலோசகர் குடியைப் பற்றிக் கேட்கும் பத்துக் கேள்விகளோடு, ‘போன்ல பணம் கட்டி ஏதாவது ஆடுறீங்களாண்ணே?’ என்று பதினொன்றாவதாக ஒன்றைக் கேட்கலாம். அதற்குத் தனிச் சட்டமோ தனி நிதியோ தேவையில்லை, சுகாதாரத் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும்.