திக்கற்ற பிள்ளைக்குத் தெய்வமா துணை?

"திக்கற்றவர்க்குத் தெய்வமே துணை" என்று ஒரு பழமொழி வெகுகாலமாய் நம் நாட்டில் வழங்கி வருகின்றது. இதைச் சொல்லுகின்றவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் நல்ல திக்குள்ளவர்களாகவே இருப்பார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை பட்டினி கிடக்கும்போது, தாம் செய்யவேண்டியதைச் செய்யாமல் நழுவிக்கொள்ள இதைவிடச் சௌகரியமான வார்த்தை வேறு ஏது?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து நிலைமையை எடுத்துக்கொள்வோம். அம்பத்தூரில் தொழிற்பேட்டை ஏற்பட்டது 1964-இல். ஆவடியிலோ டாங்கி செய்யும் தொழிற்சாலையே இருக்கின்றது. சமதர்ம பாணியில் சமுதாயம் அமைப்பதென்று 1955-இல் காங்கிரஸ் மகாசபை தீர்மானம் போட்டதும் இதே ஆவடியில்தான். பந்தலைப் பிரித்துக்கொண்டு போனவர்கள் தீர்மானத்தையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள் போலும்!

இங்கே லேத்துப் பட்டறையில் ஒப்பந்தக் கூலியாய் இருந்த ஒருவன் இறந்துபோகின்றான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனைவி நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போகின்றாள். எட்டாவது படிக்கும் மூத்த பையன் பள்ளிக்கூடத்தை விட்டு மெக்கானிக் கொட்டகைக்குப் போகின்றான். அங்கே ஆறு மாதத்தில் கஞ்சாவும் பழகிவிடுகின்றது. தெருவார் என்ன சொல்லுகின்றார்கள்? "தலையெழுத்து" என்கின்றான் ஒருவன். "ஏழரைச் சனி" என்கின்றான் ஜோசியன். பரிகாரம் என்று அந்தத் தாயிடம் மிஞ்சியிருக்கும் நூறு இருநூறையும் பிடுங்கிக்கொள்ளுகின்றான். பையன் போலீசில் அகப்பட்டாலோ "தறுதலை" என்று எல்லோரும் ஒரே வாயாய்ச் சொல்லிவிடுகின்றார்கள். தகப்பன் செத்ததும், கூலி போதாததும், கண் முன்னால் இருக்கும் காரணங்கள். அவற்றை விட்டு ஆகாயத்தில் சனியைத் தேடுவானேன்?

தலையெழுத்தல்ல, சர்க்காரின் பொறுப்பு என்பது நேற்று இன்று தோன்றிய எண்ணமல்ல. இந்தியாவிலேயே முதன்முதலாகச் சிறுவர்களுக்கென்று சட்டம் செய்தது நம் சென்னை மாகாணந்தான், ஆண்டு 1920. இன்று நடப்பிலிருப்பது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். தாய் தகப்பன் இல்லாதவன் மட்டுமல்ல. சட்டத்துக்கு விரோதமாய் வேலையில் வைக்கப்பட்டவன், பிச்சையெடுப்பவன், பெற்றோரால் காப்பாற்ற முடியாதவன் ஆகிய 18 வயது நிறையாத எவனும் எவளும் பாதுகாப்புக்கு உரியவர் என்று அது சொல்லுகின்றது. இதைக் கவனிக்க மாவட்டந்தோறும் ஒரு தலைவரும் நான்கு அங்கத்தினரும் கொண்ட குழந்தைகள் நலக் குழு உண்டு. விடுதியில் கொண்டுபோய்த் தள்ளுவது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் கொள்கை. வீட்டிலேயே இருந்து படிக்கட்டும் என்று பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கொடுக்க மத்திய சர்க்காரின் 2022-ஆம் ஆண்டு விதிகள் இடம் செய்கின்றன. பெற்றோர் இருவரையும் இழந்தவர்க்கும், ஒருவரை இழந்து மற்றவரால் காப்பாற்ற முடியாதவர்க்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் என்று தமிழ்நாட்டு அரசு "அன்புக்கரங்கள்" திட்டத்தை 2025 செப்டம்பரில் தொடங்கிற்று. 1098 என்ற எண்ணுக்கு யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இரவு பகல் எந்நேரமும் போன் செய்யலாம்.

இவ்வளவு இருந்தும் அந்தத் தாய் ஏன் போய்க் கேட்கவில்லை? தனக்கு உரிமை உண்டென்பதே அவளுக்குத் தெரியாது. தெரிந்தாலும் கேட்பது கேவலம் என்று நினைக்கின்றாள். கோவில் வாசலில் அன்னதானத்துக்குக் கியூவில் நிற்பது புண்ணியமாம். சட்டப்படி உள்ளதைக் கேட்பது மட்டும் மானக்கேடாம்! இப்படி யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

நிற்க, சர்க்காரின் யோக்கியதையையும் சற்றுப் பார்ப்போம். அந்த 4,000 ரூபாய்க்கு, பட்டணங்களில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 96,000-க்கு மேல் போகக்கூடாதாம். அதாவது மாதம் 8,000. நாலு வீடு தேய்த்து 9,000 சம்பாதித்துவிட்டால் அவள் ஏழையல்ல! இந்தக் கணக்கைப் போட்டவர் அம்பத்தூரில் ஒரு மாதமாவது வாடகை கொடுத்துக் குடியிருந்து பார்க்க வேண்டுமாய் விரும்புகின்றோம். அன்றியும், 2018 முதல் அம்பத்தூர் சென்னை மாவட்டம்; அடுத்திருக்கும் ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். எந்த மாவட்டத்தாரிடம் போவது என்பதே அவளுக்கு ஒரு வழக்கு. இறப்புச் சான்று, வருமானச் சான்று, ஆதார், பாங்கிப் புத்தகம் என்று அலைந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூலி போயிற்று. வடநாட்டிலிருந்து பிழைக்க வந்து தகரக் கொட்டகையில் கிடப்பவர்களின் பிள்ளைகள் கதியைச் சொல்லவே வேண்டாம். 2003 முதல் சர்க்காரே சில்லறைக் கடை வைத்துச் சாராயம் விற்கின்றது. அதனால் தகப்பனை இழந்த பிள்ளைக்கு அதே சர்க்கார் 2,000 ரூபாய் கொடுப்பதைத் தருமம் என்று எவரும் மெச்ச வேண்டியதில்லை.

ஆதலால் குழந்தைப் பாதுகாப்பு அதிகாரிகள் வாரம் ஒரு நாளாவது ஆவடி மாநகராட்சியிலும் பூந்தமல்லி நகராட்சியிலும் வந்து உட்கார்ந்து மனு வாங்க வேண்டும். வருமான வரம்பை உயர்த்த வேண்டும். இதைக் கேட்டு ஊருக்கு ஊர் மனுப் போடுவது நம் தோழர்களின் வேலை.

தோழர்களே! உங்களிடம் நாம் பணம் கேட்கவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒரு தாய்க்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, ஆபீசுக்குக் கூடப் போய் வந்தால் போதும். ஆடி மாதம் கூழுக்கும் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் வீட்டுக்கு வீடு வசூல் செய்ய நம் தெருக்களில் இருபது வாலிபர்கள் கிடைக்கின்றார்களே! அடுத்த தடவை அவர்கள் நோட்டுப் புத்தகத்தோடு வரும்போது, இந்தத் தெருவில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேளுங்கள். அந்தப் பெயர்களை அதே நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.