சுக்கான் சக்கரம் எதற்கு?

சேலத்தை ஒட்டிய அயோத்தியாப்பட்டணத்தில் இருக்கும் என் மரப்பட்டறைக்குக் கடலோர ஓட்டல்காரர்களிடமிருந்து அவ்வப்போது மேசை, நாற்காலி ஆர்டர் வரும். எங்களுக்குக் கடல் கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் தள்ளி. ஆனாலும் அவர்கள் அனுப்பும் ஓட்டல் வரைபடத்தைப் பிரிக்காமலே சொல்லிவிடுவேன்: சுவரில் சுக்கான் சக்கரம், வாசலில் நங்கூரம், தூணெல்லாம் நீலமும் வெள்ளையும். கேட்டால் கடல் பாரம்பரியம் என்பார்கள். யாருடையது? சோழமண்டலக் கரையில் கட்டுமரத்தைத் துடுப்பால்தான் திருப்பினார்கள். சக்கரம் ஐரோப்பியக் கப்பல்களோடு வந்தது.

பூம்புகாரில் 1973-ல் அரசு சிலப்பதிகாரக் கலைக்கூடம் கட்டியது. பக்கத்தில் கிளிஞ்சல் வடிவில் தங்கும் விடுதிகளும் எழுந்தன. அந்தக் காலத்தில் அப்படி யோசித்ததே பெரிய காரியம். குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஓட்டல் கட்டுகிறவர் பார்க்க வேண்டியது அருகில் உள்ள கீழையூரை. அங்கே தொல்லியல் துறை தோண்டியபோது கிடைத்த படகுத்துறை செங்கல்லால் ஆனது; படகைக் கட்ட மரத்தூண் நட்டிருந்தார்கள். செங்கல் மேடை, மரத்தூண், காற்று புகுந்து போகத் திறந்த பக்கங்கள். போதாதா?

கட்டுமரத்தில் ஆணி கிடையாது. கட்டைகளைக் கயிற்றால் பிணைப்பார்கள். கரையேறியதும் அவிழ்த்துக் காயப் போடுவார்கள். உப்புக்காற்றுக்கு இதைவிட நல்ல யோசனை இல்லை, தச்சனாகச் சொல்கிறேன். இரும்புக் கீலும் திருகாணியும் சீக்கிரமே துரு கக்கும். துரு இறங்கி மரத்தையும் கருக்கும். கயிற்றுக் கட்டும் மரமுளையும் போட்ட மேசையைக் கழற்றி உலர்த்தலாம். புயல் எச்சரிக்கை வந்தால் பிரித்து உள்ளே அடுக்கிவிடலாம்.

இலையில் பரிமாறும் சாப்பாடும் இப்படிக் கரையின் வழக்கத்தை ஒட்டித்தான் இருக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. அப்போதும் வஞ்சிரம் வறுவல் குறையில்லாமல் கிடைத்தால் அது பெரும்பாலும் ஐஸ் பெட்டி மீன், இல்லையென்றால் வெளியூர் மீன். நாட்டுப்படகு கொண்டுவரும் நெத்திலி, சூடை, இல்லாத நாளில் கருவாட்டுக் குழம்பு என்று கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். சாப்பிட ஆள் வராது என்று பயப்படுகிறார்கள். எங்கள் சேலத்துக்காரர்கள் கடற்கரைக்கு வருவதே அதற்குத்தான். பன்னீர் பட்டர் மசாலா ஆத்தூர் ரோட்டிலேயே கிடைக்கிறது.

கடற்கரை ஓட்டலுக்கு ஒப்பந்தம் விடும் சுற்றுலாத் துறை ஒரு நிபந்தனை போடட்டும்: வரைபடம் போடும் அறையில் அந்த ஊர் மீனவர் ஒருவரும் படகு கட்டும் ஆசாரி ஒருவரும் உட்கார வேண்டும், அவர்களுக்குக் கூலியும் தர வேண்டும். என்னைப் போன்ற சேலத்துத் தச்சனை அப்புறம் கூப்பிடுங்கள்.