தோடும் பென்ஷனும்

கும்மிடிப்பூண்டியிலிருந்து பெரியபாளையத்து அம்மனைத் தரிசிக்கப் போகிறவர்கள் புதுவாயல் கூட்டுரோட்டில் திரும்ப வேண்டும். சென்ற மாதம் அங்கே பஸ்ஸுக்காக முக்கால் மணி நேரம் நின்றேன். அம்மன் சோதிக்கிறாள் என்று அலுத்துக்கொண்டேன். உங்களுக்கு எழுத விஷயம் கொடுக்கத்தான் நிறுத்தி வைத்தாள் என்பது பிறகல்லவா தெரிந்தது!

பக்கத்தில் ஓர் அம்மாள். வயது ஐம்பத்தொன்பது. அந்த வட்டாரத்துக் கம்பெனிகளில் பாக்கிங் வேலை பார்த்தவர்; முதல் கம்பெனியில் ஆறு வருஷம், இரண்டாவதில் ஏழு.

"பதிமூணு வருஷம் பி.எப். புடிச்சாங்கம்மா. பென்ஷன் மட்டும் கெடையாதுன்னுட்டாங்க."

"ஏனம்மா?"

"மொத கம்பெனிய விட்டப்பவே எல்லாத்தையும் எடுத்துட்டேன். பொண்ணு கல்யாணம். தோடு வாங்கினேன்."

சகோதரிகளே, அந்த 'எல்லாத்தையும்' என்ற சொல்லில்தான் இருக்கிறது வினை. நம் சம்பளத்தில் பிடிப்பது பி.எப். கணக்குக்குப் போகிறது. முதலாளி கட்டும் பங்கிலிருந்து, சம்பளத்தில் நூற்றுக்கு 8.33 வீதம், பென்ஷன் நிதிக்குப் போகிறது. 1995 நவம்பர் 16-ல் வந்த திட்டம் இது. பத்து வருஷம் பூர்த்தியானால் 58 வயதிலிருந்து மாதாமாதம் பென்ஷன். கணவர் பென்ஷன் வாங்கி வந்து காலமானால் மனைவிக்குப் பாதி உண்டு. பத்து வருஷத்துக்குள் பென்ஷன் பணத்தையும் எடுத்துவிட்டாலோ, அந்த வருஷங்கள் கணக்கிலிருந்து அழிந்துபோகும்.

கணக்கு சுலபம். கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியை வேலை செய்த வருஷங்களால் பெருக்கி, 70-ஆல் வகுக்க வேண்டும். சராசரி 12,000 என்று வையுங்கள். ஆறும் ஏழும் சேர்ந்திருந்தால் மாதம் 2,228 ரூபாய், ஆயுள் முழுதும். தனித்தனியாக நின்றதால் பூஜ்யம்!

இந்தப் பென்ஷன் விலைவாசியோடு ஏறுவதில்லை என்பது எனக்குள்ள பெரிய குறை. 2014 செப்டம்பரில் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். தமிழ்நாட்டில் காமராஜர் ஆட்சியில், 1962 ஏப்ரலில், ஆதரவற்ற முதியவர்களுக்கு மாதம் 20 ரூபாயில் ஆரம்பித்த உதவித்தொகை, 2023 ஆகஸ்டில் 1,200 ஆயிற்று. அப்போதும் இந்த ஆயிரம் ஆயிரமாகவே இருந்தது! கட்டினவருக்குக் குறைவு, கட்டாதவருக்கு அதிகமா என்று பொருமாதீர்கள். ஆதரவற்ற கிழவிக்கு 1,200 ஒன்றும் அதிகமில்லை. உழைத்தவருக்கு ஆயிரம் என்பதுதான் அநியாயம்.

2025 அக்டோபரில் பி.எப். அறங்காவலர் குழு ஒரு முடிவெடுத்தது: வேலையை விட்டவர்கள் பென்ஷன் பணத்தை எடுக்க இரண்டு மாதம் காத்திருந்தது போய், 36 மாதம் காத்திருக்க வேண்டும். பலருக்குக் கோபம். வேலையில்லாத வீட்டில் மூன்று வருஷம் எப்படி அடுப்பெரியும் என்ற கேள்வியில் நியாயம் உண்டு. ஆனாலும் புதுவாயலில் கண்ட அம்மாளை நினைத்தால் என் மனம் அந்த முடிவின் பக்கமே சாய்கிறது. பெட்டியைப் பூட்டினால் மட்டும் போதாது; எடுத்தால் என்ன போகும் என்பதையும் பணம் வாங்க வருகிறவரிடம் யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த அம்மாளிடம் ஒருவரும் சொல்லவில்லை. நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான்.

வேலை மாறும்போது பழைய வருஷங்களைப் புதுக் கணக்கோடு சேர்க்க வழி இருக்கிறது. உடனே வேறு வேலை இல்லையா? 10-சி படிவத்தில் பணம் கேட்காமல் 'ஸ்கீம் சர்டிபிகேட்' கேட்கலாம். பிறகு எந்தக் கம்பெனியில் சேர்ந்தாலும் அதைக் காட்டினால் பழைய வருஷங்கள் கூடவே வரும். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும், வேலைக்கு வருகிற பெண்ணின் புருஷனுக்கும் இது பொருந்தும்.

பஸ் வந்துவிட்டது. அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம் மருமவ அடுத்த மாசம் வேற கம்பெனிக்குப் போறாம்மா. அது பேரு என்னமோ சொன்னீங்களே..."

டிக்கெட்டின் பின்புறத்தில் '10-சி, ஸ்கீம் சர்டிபிகேட்' என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். நாலாக மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார்.